உன் அம்மாவின் சைக்கிளுக்குப் புதுச் சக்கரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம், தையல் மெஷினும் நலம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். உன் அம்மாவும் நலம், நேற்று மாலை போனில் பேசியவரைக்கும். இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ரிட்டயர் ஆன மறுநாளே பின்கட்டில் துணிமூட்டைக்கு அடியில் கிடந்த தன் பழைய சைக்கிளை இழுத்து வெளியே போட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் முதல் சம்பளத்தில் வாங்கியது, தூரப் பயணத்துக்கென்றே செய்த சைக்கிள், முன்னும் பின்னும் பை மாட்டக் கம்பியெல்லாம் உண்டு. கூட வேலை பார்த்த இரண்டு நர்சுகளோடு கடற்கரை வரை போய்த் திரும்ப எட்டு நாள் என்று திட்டம் தயார். ஆனால் ரிம் இரண்டும் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தன, அந்த அளவில் டயரும் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. சைக்கிள் கடைத் தாடிக்காரர் இந்தக் காலத்துச் சக்கரம் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்து, மாட்டித் தரட்டுமா என்று கேட்டார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி, வேண்டாம், நானே மாட்டுகிறேன் என்றேன். சைக்கிள் ஓட்டவே தெரியாதவன் சக்கரம் மாட்டுவதா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

அதற்கப்புறம் மூன்று வாரம் உன் அம்மாவை ஒரு வாடிக்கையாளர் மாதிரி நடத்தினேன். புதன்கிழமை நிச்சயம் என்பேன், புதன் வந்தால் சனி என்பேன். சாக்குக்கும் பஞ்சமில்லை. புதுச் சக்கரத்தின் அச்சு அகலம், பழைய சைக்கிள் சட்டத்தில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி ஒன்பது மில்லிமீட்டர் போதவில்லை, இதென்ன துணியா பிரித்து விட, இரும்பாயிற்றே என்று தலையைச் சொறிந்தேன். புதுச் சக்கரம் ஒரு மயிரிழை சின்னது வேறு, அதனால் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்காமல் டயரில் உரசும் என்றேன். இரண்டும் நிஜம்தான். ஆனால் இரண்டையும் அரை நாளில் சரிசெய்துவிடலாம் என்று தாடிக்காரர் இரண்டாம் நாளே சொன்னதை மட்டும் நான் முழுங்கிவிட்டேன்.

மாட்டிக்கொண்டது என் கைப்பழக்கத்தால். கடைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் நான் சீட்டு குத்துவது உனக்குத் தெரியும். பேர், அளவு, தருகிற தேதி. அவசரமில்லாத வேலை, தள்ளிப்போடலாம் என்றால் மூலையில் சாக்பீஸால் சின்னதாக ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு அர்த்தம் நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். சைக்கிள் கைப்பிடியிலும் ஒரு சீட்டைக் கட்டியிருக்கிறேன், மடையன், மூலையில் வட்டமும் போட்டிருக்கிறேன். உன் அம்மா சீட்டைப் பிய்த்துக்கொண்டு வந்து மெஷின் மேல் வைத்தாள். கோபப்படவில்லை.

“எத்தனை நாளா நான் வட்டத்துல இருக்கேன்?”

முப்பத்து மூன்று வருஷம் நோயாளிகளின் பொய்யைக் கேட்டவளிடம் வேறென்ன சொல்ல. எனக்குப் பயமாயிருக்கிறது என்றேன். லாரி ஓடும் ரோட்டில் நீ போவதை நினைத்தாலும் பயம், எட்டு நாள் இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதைவிடப் பயம் என்றேன். சொன்ன பிறகு பாரம் குறைந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவள் சீட்டிலிருந்த வட்டத்தை விரலால் அழித்தாள். அப்புறம் சொன்னாள், “எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதனாலதான் பிரேக்கை நீங்களே பாருங்கன்னு சொல்றேன்.”

மறுநாள் தாடிக்காரரைக் கூட்டி வந்தேன். நீளமான மரைக்கம்பியை இடைவெளியில் கொடுத்து, நட்டைத் திருகித் திருகி, கொஞ்சங்கொஞ்சமாகச் சட்டத்தை அகட்டினோம். பழைய இரும்பு கொஞ்சம் கொடுக்கும், விட்டால் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். ஒவ்வொரு திருகலுக்கும் நான் அளந்தேன், இரண்டு பக்கமும் சமமா என்று நூல் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் சக்கரம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. பிரேக் கட்டையை நாலு மில்லிமீட்டர் கீழே இறக்கினோம், துளையில் அதற்கு மட்டும்தான் இடம் இருந்தது. பிறகு நம் தெருச் சரிவில் அவளை ஓட்டி நிறுத்தச் சொன்னேன், திரும்ப, திரும்ப. இருபதாவது தடவையில், நான் கடற்கரைக்குப் போக வேண்டிய தூரத்தை இங்கேயே போய்விட்டேன் என்று இறங்கிக்கொண்டாள்.

திங்கள்கிழமை கிளம்பினாள். இன்று ஐந்தாம் நாள். தினமும் போன் பண்ணுகிறாள், பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்கிறாள், சாப்பிட்டீங்களா என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன், பாதி நாள் அது பொய். வீடு என்னமோ பெரிதாகிவிட்டது கண்ணு.

இனி சொல்லப்போவது உனக்கு மட்டும். தாடிக்காரர் உயரம் குறைந்த சைக்கிள் ஒன்றை இரவல் கொடுத்திருக்கிறார். காலையில் பள்ளி மைதானத்தில் அவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, அறுபத்திரண்டு வயதில் நான் பழகுகிறேன். இரண்டு முழங்காலும் சிராய்த்தாயிற்று, ஒரு பேண்ட்டுக்கு ஒட்டுப்போட்டாயிற்று. இன்று மைதானத்து வாசல் கேட்டிலிருந்து வேப்பமரம் வரைக்கும் விழாமல் போனேன், நிறுத்தத்தான் தெரியாமல் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பி வரும் நாளில் தெருமுனை வரைக்கும் சைக்கிளிலேயே எதிரே போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அடுத்த பயணத்தில் முதல் நாள் மட்டுமாவது அவள் கூடப் போக வேண்டும். போனில் சொன்னால் நீ அன்றைக்கே அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிடுவாய் என்றுதான் கடிதம். இது உன் கைக்கு வரும்போது அவள் வீட்டுக்கு வந்திருப்பாள், நான் தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்தேனா விழுந்தேனா என்று அவளே உனக்குச் சொல்லியிருப்பாள். விழுந்தேன் என்று சொல்லியிருந்தால், எந்த இடத்தில் என்று கேள். தெருமுனைக்குப் பக்கத்தில் என்றால் எனக்குச் சந்தோஷம்தான்.

நீ நூறு வயது நன்றாக இரு, எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும். உன் குளிர்க் கோட்டின் கழுத்துப் பட்டன் தளர்ந்திருந்ததே, தைத்தாயா?

இப்படிக்கு,
வேப்பமரம் வரை வந்துவிட்ட
உன் அப்பா