அந்தப் பக்கத்தில் லக்சனா

2024 ஜனவரி 17

பட்டறைக்கு வந்த விரிவுரையாளர்களில் பாதிப் பேரைத் தேநீருக்குப் பிறகு காணவில்லை. எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவு என்பது நானும் ஒரு மேசையும்தான். பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து படிப்பிக்க எங்கள் விரிவுரையாளர்களுக்கு வழி பண்ணிக் கொடுப்பது என் வேலை. “ஸுல்பிகா, அவையள் எங்களுக்கு என்னத்தைப் படிப்பிக்கப் போகினம்?” என்று சமூகவியல் துறைத் தலைவர் அருளம்பலம் சேர் சிரித்துக்கொண்டே எழும்பிப் போனார்.

அவருடைய துறை விரிவுரையாளர் லக்சனா மட்டும் கடைசிவரை இருந்தாள். “அக்கா, எனக்கொரு கூட்டு வகுப்பு ஒழுங்கு பண்ணித் தாங்கோ. கடற்கரை ஊர்களைப் பற்றி. அங்கயும் மீன்பிடிக்கிற சனம் இருக்கும்தானே?”

பெப்ரவரி 28

பின்லாந்தோடு முதல் கூட்டு வகுப்பு. திரையில் அவர்கள், மண்டபத்தில் நாங்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அந்தப் பக்கம் மூச்சுக் காட்டாமல் இருந்தது. எங்கள் பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாகப் பதில் சொன்னார்கள். “மிஸ், அவங்களுக்கு எங்களில கோவமா?” என்று குச்சவெளியிலிருந்து வரும் மாணவி பஹ்மியா என் காதுக்குள் கேட்டாள். வகுப்பு முடிந்த பின் அந்தப் பக்கத்து விரிவுரையாளர் எழுதியிருந்தார்: உங்கள் மாணவர்கள் ஏன் சண்டை பிடித்தார்கள்?

லக்சனா கண்ணீர் வரச் சிரித்தாள். அடுத்த வகுப்புக்கு அதையே தலைப்பாக்கப் போகிறாளாம். அங்கே யோசித்துப் பேசுவது மரியாதை. இங்கே உடனே பதில் சொல்வது மரியாதை. பண்பாடுகளுக்கிடையிலான கற்றல் என்று எத்தனை அறிக்கையில் எழுதியிருப்பேன். இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மே 9

லக்சனாவை ஒரு வருடத்துக்குப் பின்லாந்தில் படிப்பிக்க அழைத்திருக்கிறார்கள். அவள் தயங்குகிறாள். மகள் துளசிகாவுக்கு நாலு வயது. இரண்டு காதிலும் கேட்கும் கருவி, இன்னும் பேச்சு வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்குக் கொழும்புக்குத்தான் அள்ளிக்கொண்டு போய் வருகிறாள்.

“அங்க பிள்ளைக்கும் நல்லம்” என்று சொன்னது நான்தான். அருளம்பலம் சேரிடம் போய் நின்றதும் நான்தான். “ஒரு வருசம்தானே சேர். வந்து எங்கட பிள்ளைகளுக்குத்தானே படிப்பிப்பா.”

“நீங்கள் சொல்லுறீங்கள் எண்டுதான்” என்று லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஓகஸ்ட் 20

ஓர்ஸ் ஹில்லில் அவள் வீட்டுக்குப் போனேன். வான் வண்டியில் பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது, கணவர் முன்னால் ஏறியிருந்தார். “அக்கா, வளாகத்தில என்ர அறைத் திறப்பு” என்று சாவியை என் கையில் வைத்தாள். “ புத்தகங்கள் பூஞ்சணம் பிடிக்காமல் இடைக்கிடை யன்னலைத் திறந்து விடுங்கோ.” துளசிகா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பேசும்போது எங்கள் முகத்தில் என்ன நடக்கிறதென்று அவள் கையால்தான் பார்ப்பாள்.

நவம்பர் 12

லக்சனாவின் அறையைத் திறந்தேன். மழை. புத்தகங்களுக்கு ஒன்றுமில்லை.

2025 பெப்ரவரி 5

லக்சனா போனில் கோல் எடுத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. “துளசிகா இண்டைக்கு என்னைக் கூப்பிட்டவள் அக்கா! நான் அங்கால திரும்பி நிண்டனான். பின்னால இருந்து கூப்பிட்டவள். ஐத்தி எண்டு.”

ஐத்தி என்றால் அந்தப் பாஷையில் அம்மாவாம்.

நானும் அழுதேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்பி வருவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 3

லக்சனா வளாக வேலையை விட்டுவிட்டாள். துறைத் தலைவருக்கு எழுதியிருக்கிறாள். எனக்கு இல்லை.

எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்க ஏலாதா? நான் என்ன வழியில கண்ட ஆளா? ஆருக்காகப் போய்க் கெஞ்சினன் நான்—

சேர் ஏசினால் பரவாயில்லை என்றிருந்தது. ஏசவில்லை. “துறையில இப்ப நிரந்தரமா நானும் சஞ்சீவனும்தான், ஸுல்பிகா. எனக்கு அடுத்த வருசம் ஓய்வு” என்றார். கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 4

பஹ்மியா வந்தாள். அவளுடைய இறுதியாண்டு ஆய்வை வழிநடத்தியது லக்சனா.

“லக்சனா மிஸ் இனி வரமாட்டாவா?”

“மாட்டா.”

“மிஸ் போனது பிழையெண்டு சொல்ல ஏலாது. ஆனா நான் எழுதினத்த இனி ஆருக்கிட்டக் காட்டுற?”



ஜூலை 19

லக்சனாவின் கோல் வந்தது. எடுக்கவில்லை.

ஜூலை 22

இன்று எடுத்தேன்.

“ஏசுங்கோ அக்கா.”

“ஏச வருதில்ல.”

“இஞ்ச ஒவ்வொரு நாளும் ஒரு டீச்சர் அவளோட இருந்து கதைக்கிறா. அங்க வந்தா அவளுக்கு ஆர் இருக்கினம்? உங்களுக்குச் சொன்னா நீங்கள் வா எண்டு சொல்லுவீங்கள். நான் வந்திடுவன். அந்தப் பயத்தில்தான் சொல்லேல்ல.”

அவள் ‘அங்க’ என்றது எங்கள் ஊரை.

என் பிள்ளையாக இருந்தால் நான் வந்திருப்பேனா? தெரியாது.

தெரியும். வந்திருக்க மாட்டேன்.

செப்டம்பர் 11

சஞ்சீவனுக்கும் அழைப்பு, ஆறு மாதத்துக்கு. “இனி ஒருத்தரையும் விடமாட்டன்” என்கிறார் சேர். விண்ணப்பம் என் மேசையில் கிடந்தது. அப்படியே கிடக்க விட்டால் கடைசித் திகதி தானாகப் போய்விடும். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. பகல் முழுக்க அதைப் பார்க்காமலே வேறு வேலை செய்தேன்.

பின்னேரம் சேரிடம் எடுத்துக்கொண்டு போனேன். “மறிச்சு வச்சா ஆள் இருப்பார் சேர். மனம் இஞ்ச இராது.”

“அவனும் வராட்டி?”

“வராட்டி... எனக்குத் தெரியாது சேர்.”

வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்திட்டார். இம்முறை நான் ஒன்றும் உறுதி சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நவம்பர் 6

கூட்டு வகுப்பு மறுபடி தொடங்கியது. இந்தப் பக்கம் சஞ்சீவன், ஜனவரியில் போகும்வரை. அந்தப் பக்கம் படிப்பிப்பது லக்சனா. வெளியிலிருந்து வரும் விரிவுரையாளரை அறிமுகப்படுத்துவது என் வேலை. “பின்லாந்திலிருந்து கலாநிதி லக்சனா” என்றேன். திரையில் அவள் தலை குனிந்தாள். பஹ்மியா தன் ஆய்வைப் பற்றி இங்கிலீஷில் கேட்டாள். லக்சனாவும் இங்கிலீஷிலேயே விளக்கினாள். நல்லாகத்தான் விளக்கினாள்.

பிள்ளைகள் போன பிறகும் அவள் தொடர்பைத் துண்டிக்கவில்லை. துளசிகாவுக்குக் காய்ச்சலாம், அதனால் வீட்டிலிருந்துதான் வகுப்பு எடுத்தாளாம்.

“அங்க மழையோ அக்கா?”

“ஓம். நல்ல மழை.”

“அவளுக்கு ஒருக்காக் கேக்க வைக்கிறீங்களோ? இஞ்ச இந்த மாதிரிப் பெய்யாது.”

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் யன்னலைத் திறந்தேன். தகரக் கூரையில் மழை அடித்துக் கொட்டியது. துளசிகா தாயின் மடியில் ஏறித் திரைக்குக் கிட்ட வந்தாள். உயர்ந்துவிட்டாள். தலையைச் சரித்துக் கேட்டாள். பிறகு முகமெல்லாம் சிரித்துக்கொண்டு தாயிடம் நீளமாக ஏதோ சொன்னாள்.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. லக்சனா அதே பாஷையில் அவளுக்குப் பதில் சொன்னாள்.