செல்வியின் இலக்கம்

6, திங்கள்

விடியலிலிருந்து மழை. அலவத்துகொடையில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசல். வேலைக்குப் பிந்தினேன்.

வாங்க: உம்மாவின் பிரஷர் குளிசை, பாண், சவர்க்காரம்.

பதினொரு மணிபோல் ஒரு கோரிக்கை. கொழும்பில் ஓர் அரசாங்க அலுவலகம் கம்பனியிடம் கேட்கிறது: இந்தத் தமிழ்ப் பக்கத்தை நடத்துவது யார்? கம்பனி கடலுக்கு அப்பால். பாதி உலகம் அதன் சமூக ஊடகத்தில்தான் எழுதுகிறது. கண்டியில் நாங்கள் அதற்கு மொழி பார்க்கிறவர்கள் மட்டும். பதிவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வன்முறை உண்டா இல்லையா என்று எழுத வேண்டும்.

ஆள் பெயரில்லாத பக்கம். பொலிஸ் காவலில் இறந்துபோன ஒரு தோட்டத்து இளைஞனைப் பற்றி. பெட்டியில் வைக்கும்போது உடுத்தத் தாய் புதுச் சட்டை கொண்டுவந்தாளாம். கொலரில் கடைக்காரர் குத்திய ஊசிகூட எடுக்காமல்.

அந்த ஊசி எனக்குத் தெரியும். வக்கீல் ஒருவரிடம் டைப் செய்கிற செல்வி போன மாதம் சொன்னது. அந்தத் தாய் அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாளாம். சொல்லிவிட்டுச் செல்வி சோற்றை மூடி வைத்தாள். கம்பியூட்டர் வகுப்புக் காலத்துச் சிநேகிதி. அப்படியானால் பக்கம் அவளுடையது. இனி செ. என்றே எழுதுகிறேன். சொந்தக் கொப்பியிலும் பயம்.

7, செவ்வாய்

வன்முறை: இல்லை. தூண்டுதல்: இல்லை. கீழே "விபரம் கொடுக்கக் கூடாது" என்று நானாக ஒரு வரி. மேலதிகாரி ரொஷான் வாசித்தார். அந்த வரியை அழித்தார்.

"தங்கச்சி, நாங்கள் மொழியை மட்டும்தான் பார்க்கிறோம்," என்றார் சிங்களத்தில்.

"கம்பனி மறுத்தால் என்ன ஆகும், சேர்?"

"அரசாங்கம் நாடு முழுக்கக் கம்பனியை நிறுத்திவிடும். அப்போது யாருக்குமே பக்கம் இருக்காது. இது ஒரு ஆள்."

ஒரு ஆள். ரொஷான் கெட்டவர் இல்லை. அமைதியாகத்தான் சொன்னார்.

பெரிய நாடு கேட்டால் கம்பனி வக்கீல் வைத்து இழுத்தடிக்கும். எங்களைப் போன்ற நாட்டுக்கு ஒரு படிவம் போதும் போல.

பகல் செ.யுடன் சாப்பாடு.

"என்னடி மூஞ்சி தொங்குது? உம்மாவுக்கு முடியலையா?"

"இல்ல, தலவலி."

வேலையில் பார்ப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் காரணம் கையெழுத்து இல்லை. பயம். கம்பனி மறுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கையும். செ. தன் கத்தரிக்காய்ப் பொரியலை என் தட்டில் வைத்தாள்.

9, வியாழன்

வெயில். உடுப்புகள் காய்ந்தன.

கோரிக்கை மூடப்பட்டது. முடிவு: இணக்கம். கொடுத்தவை: தொலைபேசி இலக்கம், கடைசியாக உள்நுழைந்த இடங்கள்.

போனில் செ.யின் பெயர் வரை இரண்டு தடவை போனேன். அழுத்தவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

10, வெள்ளி

சொல்லவில்லை.

13, திங்கள்

செ.யைப் பொலிஸ்காரர் கொண்டுபோய்விட்டார்கள். காலையில், கெலிஓயா வீட்டில், மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது.

அவள் கணவர் குமார் போனில்: "பாதித் தலையோட புள்ள நிக்குது, நஸ்ரா. எனக்குப் பின்னத் தெரியல."

14, செவ்வாய்

லீவு. கெலிஓயா போனேன். பிள்ளைக்கு இரண்டு பின்னல் போட்டேன். அசையாமல் இருந்தாள்.

குமார் அண்ணன் கதிரையில் உட்காரவே இல்லை. "அவ பேரே போடலங்க. நம்பர் அந்தக் கம்பனிக்கு மட்டுந்தான் தெரியும். பக்கம் பத்திரமா இருக்கணும்னா நம்பர் குடுங்கன்னு அவங்கதானே கேட்டாங்க. அவ்வளவு பெரிய கம்பனி, இவங்களுக்குப் போயி பயப்படுமா?"

பயம் இல்லை, வியாபாரம். வாய் வரை வந்தது.

"நீங்க அவங்க வேலதானே செய்றீங்க. ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

எழுதினேன். எல்லாம் தெரிந்த நான், ஒன்றும் தெரியாதவர் பெயரில். அவர் போனிலிருந்தே அனுப்பினோம். ஒரு நிமிடத்தில் பதில்: "உங்கள் பாதுகாப்பே எமக்கு முதன்மையானது. எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி."

இரண்டு தடவை வாசித்தார். "நல்ல தமிழ்ல எழுதியிருக்காங்க. யாரோ பாக்குறாங்க போல." முகம் கொஞ்சம் தெளிந்தது.

அது தானாகப் போகிற பதில். யாரும் பார்ப்பதில்லை. தமிழ் என்னுடையது. போன வருடம் நான்தான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

18, சனி

ரிமாண்டில் செ.யைப் பார்த்தேன். குமார் அண்ணன் முதலில், பிறகு நான். நடுவில் கம்பி வலை. மெலிந்திருக்கிறாள். மகள் சாப்பிடுகிறாளா என்றுதான் முதலில் கேட்டாள்.

பிறகு சொன்னேன். கோரிக்கை, ஊசி, ரொஷான், இணக்கம். எல்லாம்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"அவங்க வாறதுக்கு ஒரு கிழமைக்கு முந்தி."

"கம்பனிக்கு நான் யாரோ," என்றாள். "ஒரு வாரம் இருந்துச்சேடி. புள்ளைய அம்மா வீட்டுலயாச்சும் விட்டிருப்பேன்."

சத்தம் போடவில்லை. எழுந்து உள்ளே போனாள். பார்க்கும் நேரம் முடிந்திருக்கவில்லை.

வெளியே குமார் அண்ணனிடமும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறினார்.

21, செவ்வாய்

திரும்ப மழை. உம்மாவின் பிரஷர் பரவாயில்லை. காலை ரொஷானிடம் விலகல் கடிதம்.

பிறகு செ. வேலை செய்யும் இடம். வக்கீல் யாழ்ப்பாணத்துக்காரர். கம்பனி கொடுத்தது என்ன, எப்போது, எப்படி என்று சத்தியக்கடதாசி கொடுக்கிறேன் என்றேன்.

"உங்களுக்கும் வழக்கு வரலாம், தங்கச்சி. யோசிச்சனீங்களோ?"

"யோசிச்சேன், சேர்."

செ.யின் மேசையில் வேறொரு பெண் டைப் செய்தாள். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கம்பனி ஏன் எதிர்த்து நிற்கவில்லை என்று வக்கீல் கேட்டார். நானே எதிர்த்து நிற்காதவள், அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

பின்னேரம் அவரே போன் எடுத்தார். செ.யைப் பார்த்துச் சொல்லிவிட்டாராம்.

"என்ன சொன்னா, சேர்?"

"நல்லது எண்டு சொன்னவ. வழக்குக்கு உதவும் எண்டு அவவுக்கும் தெரியும்."

"வேற?"

"இனி உங்களை வரவேண்டாமாம்."