நடை திறக்கும் நாள்

பாடாலூர்
5-2-84

அன்பு மகன் அங்கமுத்துவுக்கு அப்பா உத்திராபதி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மருமகள் செல்வம்மாள், குழந்தை செங்கமலம் நால்வரும் சிறுவாச்சூர் அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அந்தப் பாலைவனத்தில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதற்கு உடனே இரண்டு வரி எழுதிப் போடு.

உன் கடிதம் கிடைத்து இருபது நாளாகிறது. வேலையாக இருந்தேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய், ரிட்டயரான டிரில் மாஸ்டருக்கு என்ன வேலை. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன், இது மூன்றாவது. பருத்தி நன்றாக வெடித்திருக்கிறது, எடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. லப்பைக்குடிக்காட்டு பாய் மூலம் நீ கொடுத்தனுப்பிய சிவப்பு ஷூ பத்திரமாக வந்து சேர்ந்தது. சித்திரையில் நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போது செங்கமலம் அதைப் போட்டுக்கொண்டு நடந்து வந்து உன் கையைப் பிடிக்க வேண்டும், ரூமில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்குத்தான் எனக்குப் பதில் எழுத வரவில்லை.

நீ இங்கிருந்து புறப்படும்போது குழந்தையின் காலில் பார்த்த விறைப்பு அப்படியேதான் இருந்தது. மூன்றரை வயதாகியும் பிடித்து நிறுத்தினால் கட்டை மாதிரி விறைத்து இரண்டு காலும் பின்னிக்கொள்ளும். வைத்தியம் சொல்லாதவர்கள் இந்த ஊரில் சொந்தப் பல்வலிக்கு வைத்தியம் தேடிக்கொண்டிருப்பவர்கள் மட்டும்தான். எல்லோர் யோசனையையும் தள்ளிவிட்டு நானே களத்தில் இறங்கினேன். கொல்லையில் குழி வெட்டி, ஆற்று மணல் கொட்டி, குழந்தையை இடுப்பு வரை புதைத்து நிறுத்தி, எதிரில் நின்று ஒன், டூ, த்ரீ என்று பள்ளிக்கூடத்துக் குரலில் எண்ணினேன். முப்பத்திரண்டு வருஷம் எத்தனை கோணல் முதுகை நிமிர்த்தியவன், ஒரு ஜோடிக் கால் என்ன பெரிதா என்ற நினைப்பு. அது அலறிய அலறலில் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு ஓடி வந்து, மணலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மறு வெள்ளிக்கிழமை செல்வம்மாள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். பெரம்பலூர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் திங்களும் வெள்ளியும் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம். குற்றம் கண்டுபிடிக்கலாமே என்று நானும் கூடவே ஏறினேன். வழியில் சிறுவாச்சூரில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறையக் குங்குமத்தோடு போய் நின்றோம். அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண், அரியலூர்ப் பக்கம், பேர் கலியம்மாள், வெளியூரில் தங்கி இதற்கென்றே படித்துவிட்டு வந்தவள். நடை எப்படி இருக்குங்க என்று கேட்டாள். நான் கோயில் நடையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, திங்களும் வெள்ளியும் மட்டுந்தாம்மா திறப்பாங்க, உச்சிக்குள்ள போயிடணும் என்றேன். அந்தப் பெண் சிரிக்காமல் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டது, அது போதும் எனக்கு.

பயிற்சி என்றால் நான் என்னவோ நினைத்திருந்தேன். அவள் செய்ததெல்லாம் குழந்தையைச் சுருட்டிய மெத்தை மேல் குப்புறப் படுக்க வைத்து லேசாக ஆட்டியதும், வெந்நீரில் நனைத்த துணியை முழங்காலில் சுற்றியதும், பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததும்தான். இதற்கா படிப்பு என்று என் முகத்தில் எழுதியிருந்திருக்கும். நீங்க பிடிங்க சார் என்று பாதத்தை என் கையில் கொடுத்தாள். பழக்க தோஷம், ஒன் என்றேன். கையில் இருந்த கால் அப்படியே இரும்பாகிவிட்டது. அப்போது அவள் சொன்னதை நீயும் தெரிந்துகொள். "இழுக்காதீங்க சார், சத்தமும் போடாதீங்க. அது தானா விடுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருங்க, அதான் வேலை." பிடித்துக்கொண்டே இருந்தேன். வெகு நேரம் கழித்து முழங்கால் லேசாக மடிந்தது. யாரும் ஆர்டர் போடாமலே பிறந்ததிலிருந்து அட்டென்ஷனில் நிற்கிறது இந்தப் பிள்ளை, அதை நான் மணலில் புதைத்து அட்டென்ஷன் என்று கத்தியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது தினம் காலையிலும் சாயந்திரமும் நானும் செல்வம்மாளும் மாறி மாறிச் செய்கிறோம். ஊரே கேட்கக் கத்திய தொண்டையில் இப்போது கொசுவுக்குக்கூடக் கேட்காதபடி எண்ணுகிறேன், உன் அம்மாவுக்கு இதில் ரொம்பச் சந்தோஷம்.

உனக்காகத்தான் கலியம்மாளிடம் கேட்டேன், சித்திரைக்குள் நடந்துவிடுவாளா என்று. சொல்ல முடியாதுங்க சார், நடக்கலாம், நடக்காமலும் போகலாம், இப்ப தானா உட்காரணும், தன் கையால சாப்பிடணும், அதுக்குத்தான் பாக்கறோம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து, நல்ல முன்னேற்றம், சீக்கிரம் நடப்பாள் என்று உனக்கு எழுதினேன், செல்வம்மாள் படித்துவிட்டு, "பொய் எழுதாதீங்க மாமா, அவுரு வந்து நின்னு பாக்கறப்ப யாரு பதில் சொல்றது" என்றாள். அதுதான் கிழித்தவற்றில் ஒன்று.

போன வெள்ளிக்கிழமை குழந்தை சுவரில் சாயாமல் தானாக உட்கார்ந்து ஒரு இட்லியைக் கையால் எடுத்துச் சாப்பிட்டது. பாதி வாய்க்குள், பாதி காதுக்குள். கலெக்டர் வந்து கொடி ஏற்றிய நாளில்கூட நான் அப்படிக் கண் கலங்கியதில்லை.

டானிக் எதுவும் அனுப்பாதே. ஷூ பெட்டியிலேயே இருக்கட்டும். வெயிலில் அலையாதே, நல்லெண்ணெய் கிடைத்தால் தேய்த்துக் குளி. உனக்கும் உன் கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், அம்மன் துணையிருப்பாள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. உன்னைக் கூப்பிட பஸ் ஸ்டாண்டுக்கு நான் மட்டும்தான் வருவேன், குழந்தையை அழைத்து வரமாட்டேன். வீட்டுக்குள் வந்ததும் நின்றுகொண்டு கையை நீட்டி வா வா என்று கூப்பிடாதே. ஆசையில் எழப் பார்த்து விறைத்து விழுந்துவிடுவாள். தரையில் உட்கார்ந்துகொள். முழங்கையை ஊன்றி இழுத்துக்கொண்டு அவளே உன்னிடம் வருவாள், நேரமாகும். வந்து சேருகிற வரைக்கும் நீ எழுந்திருக்காதே.

இப்படிக்கு
உன் அப்பா
உத்திராபதி