பழைய மெசினின் இரைச்சல்

2006 பெப்ரவரி 9, வியாழன்

பியர்பொன்ட்ஸ் பகுதியில் நாய்களுக்கு முடி வெட்டும் எங்கள் சலூனுக்குச் சத்தமே போடாத புது மெசின் வந்தது. பழையதை எறியச் சொன்னார் முதலாளி. இன்று கண் தெரியாத கிழட்டு நாய் ஒன்று, புது மெசின் பட்டதுமே நடுங்கியது. சத்தமில்லாமல் உடம்பில் கத்தி ஊர்ந்தால் பயம் வராதா? பழையதை அதன் காதருகே சும்மா ஓடவிட்டேன். தலையை என் கையில் சாய்த்துத் தூங்கிவிட்டது. புதியதால் மெதுவாக வெட்டி முடித்தேன்.

பழையதை எறிய மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கத்தியில் சிக்கிய மயிரைத் தட்டி, எண்ணெய் விட்டு ஓடவிட்டேன். யன்னலுக்கு வெளியே பனி இறங்கியது. அதன் சத்தம் அறைக்குள் தேனீக்கள் பறப்பதுபோல் இருந்தது. தான் மெசினோடு வேலை செய்த ஃபாக்டரி மூடியதிலிருந்து நித்திரையில்லாமல் புரளும் என் கணவரை நினைத்து, மெசினை நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாதையும்," என்றார் கட்டிலிலிருந்து. "இப்பத்தான் கண் அயருது."

கத்தி சுடுகிறது. இன்னொரு சொட்டு எண்ணெய் விடுகிறேன்.