தண்ணீர்க் குழாயில் ஓடிய டீசல்

ஸ்கல்லி டிக்கிள்,
நியூஃபவுண்ட்லாந்து.
மே 9

அன்பு மகன் கார்லண்டுக்கு,

நானும் அம்மாவும் சுகம், ஆல்பர்ட்டாவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஜெபம். இது என் கையெழுத்துதான், அம்மா எழுதியதில்லை. குளிர்காலம் முழுக்க நூலகத்தில் பின்சென்ட் டீச்சரிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எழுபத்தொரு வயதில் மாவு மூட்டை, மருந்துப் புட்டி எதையும் விடாமல் வாசிக்கிறேன். "கல்லறைக் கல்லையாவது விட்டு வையேன்டா, அவனுங்க தூங்கட்டும்" என்று பக்கத்து வீட்டுக்காரன் ஈலை கேலி செய்கிறான். இந்தக் கடிதத்துக்கே மூன்று நாள் ஆயிற்று.

மூன்று வருஷமாகக் கரையில் கிடக்கும் படகை விற்றுவிடலாம் என்றாள் அம்மா. வாங்க வருகிறவனுக்கு ஒழுகும் எஞ்சினைக் காட்டக் கூடாதென்று டீசல் குழாய்களை மாற்றப் போனேன். இரும்புக் குழாய்கள் சுலபமாகக் கழன்றன. டாங்கியிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் குழாய் மட்டும் பிசின் மாதிரி கையில் ஒட்டியது, ஊறி உப்பி, இணைப்பில் தளர்ந்து கிடந்தது. துடைத்ததும் வெள்ளை எழுத்து தெரிந்தது. விரல் வைத்துக் கூட்டி வாசித்தேன். தண்ணீருக்கு மட்டும், எரிபொருளுக்கு ஆகாது என்றிருந்தது. வாசித்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது மகனே, அதை மறைக்க மாட்டேன். பிறகுதான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதைக் கடையில் தடிமன் பார்த்து எடுத்தவனும் மாட்டியவனும் நான். மூன்று வருஷத்துக்கு முன் பாறைக்குப் பக்கத்தில் எஞ்சின் நின்று, படகு அலைக்குக் குறுக்கே திரும்பி, உன் சித்தப்பா ஹியூபர்ட் கடலில் விழுந்து இறந்துபோனார். எஞ்சினை நிறுத்திய காற்றை நீ டீசல் குழாயிலிருந்து சரியாக எடுக்காததால்தான் என்று அடக்கத்தன்று சர்ச்சில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "எடுத்தேம்பா, எடுக்க எடுக்கக் காத்து வந்துட்டே இருந்துச்சு" என்று நீ அழுதாய். நான் நம்பவில்லை. அந்தக் காற்று நான் மாட்டிய குழாயின் தளர்ந்த இணைப்பு வழியாக வந்திருக்கிறது.

குழாயோடு வெர்னா சித்தியிடம் போய்ச் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிள்ளை மேல பழி போட்டப்ப சர்ச்சு முழுக்கக் கேட்டுச்சு. இதையும் அங்கயே போய்ச் சொல்லு" என்றாள். டீ கூடத் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொன்னேன். வெளியே வந்தபோது ஈலை மட்டும் என் கூட நடந்தான்.

திரும்பி வா என்று கேட்கும் வாய் எனக்கில்லை. குழாயில் எழுத்துள்ள துண்டை வெட்டிப் பொட்டலம் கட்டி இதோடு வைத்திருக்கிறேன், டீசல் நாற்றம் அடிக்கும், வெளியே வைத்துப் பிரி. என் பேச்சை நம்ப வேண்டாம், நீயே வாசித்துப் பார். குளிருக்குக் காதை மூடிக்கொள். கர்த்தர் உன்னைக் காக்கட்டும். அன்றைக்கு நீ உன் வேலையைச் சரியாகத்தான் செய்தாய்.

உன் அப்பா,
ஆம்ப்ரோஸ்