ஒரு ஆள் வீட்டில் கீரிப்பூச்சி

22 ஜூன் 1998, திங்கள்

ஒரே ஆள் இருக்கும் வீட்டுக்குக் கீரிப்பூச்சி எப்படி வரும்? டாக்டர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் திருநகரில் டாக்டர் இல்லாமலா? இருந்தும் பஸ் ஏறிக் காளவாசல் போனேன். இங்கே என்றால் பெஞ்சில் என் மாணவிகளின் அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள், நாற்பத்தெட்டு வயதில், ராத்திரியானால் அரிக்கிறது என்று எந்த இடத்தைக் காட்டிச் சொல்வது? நல்ல வேளை, டாக்டரம்மா பாதியிலேயே புரிந்துகொண்டார். "வெள்ளையா, நூல் மாதிரி பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன். இன்று ஒரு மாத்திரை, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். விரிப்பெல்லாம் வெந்நீரில் போட வேண்டும். "வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல போடணும் மேடம். இல்லாட்டி மாத்தி மாத்தி ஒட்டிக்கிட்டே இருக்கும்."

எல்லாரும் என்றால் நான்தான் என்றேன். அவர் சிரித்தார்.

மருந்துக் கடையை விட்டு இறங்கினால் எதிரே சேக் இஸ்மாயில். பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய சைக்கிள் கடை அந்த வரிசையில்தான் என்பது எப்படி மறந்தது?

"என்ன டீச்சர், ஒடம்புக்கு?"

"தலைவலி."

"தனியாவா வந்தீக?"

இதற்கு மட்டும் உண்மையைச் சொன்னேன்.

23 ஜூன்

விரிப்பு, தலையணை உறை, துண்டு, உள்ளாடை — எல்லாம் கொதிக்கிற தண்ணீரில். அம்மாவின் பழைய போர்வை சாயம் போய்விட்டது.

24 ஜூன்

பதில் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். ஒரு பதில் இருக்கிறது. நிரூபிக்க முடியாத பதில்.

அப்சானா. சேக் இஸ்மாயிலின் மகள், ஆறு வயது. அவள் அம்மா சுல்தான் பீவி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். மிஷின் ஓடும் நேரமெல்லாம் பிள்ளை என் வீட்டில். என் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள்; பென்சிலையும் நகத்தையும் மாறி மாறிக் கடிப்பாள். கடலைமிட்டாயை உடைத்துப் பெரிய துண்டைத் தான் எடுத்துக்கொண்டு சின்னதை என் வாயில் போடுவாள். என் அம்மா போனபின் எங்கள் சௌராஷ்ட்ரப் பேச்சை நான் வாய்விட்டுப் பேசுவது இவளிடம் மட்டும்தான். ஒரு சொல் புரியாது. ஆனாலும் ம் கொட்டுவாள்.

அவளிடமிருந்து எனக்கா, என்னிடமிருந்து அவளுக்கா? பஸ் கம்பியாகவும் இருக்கலாம், கல்லூரி கேன்டீனாகவும் இருக்கலாம். ஆதாரம் இல்லாமல் ஒரு குழந்தையைச் சொல்லக் கூடாது — இப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருக்கிறது. சுல்தான் பீவியின் வாசலில் போய் நின்று, "உங்கள் பிள்ளைக்குப் பூச்சி" என்று நான் சொன்னால்? நான் அந்தச் சொல்லை மட்டும்தான் சொல்லியிருப்பேன். 'முஸ்லிம் வீடு, சுத்தமில்லை என்கிறாள்' என்று அவள் காதில் விழும். அப்புறம் பிள்ளை வராது.

25 ஜூன்

அப்சானா வரவில்லை.

26 ஜூன்

கதவு தட்டும் சத்தம். ஓடிப் போய்த் திறந்தேன். காஸ் சிலிண்டர்.

28 ஜூன், ஞாயிறு

சுவருக்கு அந்தப் பக்கம் சுல்தான் பீவியின் குரல்: "டீச்சர் வீட்டுப் பக்கம் போன, கால ஒடிச்சிருவேன்."

தெரிஞ்சுபோச்சு. மருந்துக் கடைக்காரன் சொல்லியிருப்பான் — என்ன மாத்திரை வாங்கினேன்னு. தெரிஞ்சா தெரியட்டுமே, அதுக்குப் பிள்ளையை நிறுத்தணுமா? நான் என்ன, குஷ்டரோகியா? ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கக் கூடாதா?

நான் மட்டும் ஒரு வார்த்தை சொன்னேனா.

3 ஜூலை, வெள்ளி

காலையில் பள்ளிக்கூட ரிக்ஷாவில் அவளைப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, இவள் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. தூக்கத்திலேயே நெளிகிறாள். பாவாடைக்கு மேல் கை போகிறது.

இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? இந்தப் பிள்ளை ராத்திரி தூங்குவதில்லை. ஏன் என்று தெரிந்த ஒரே ஆள் சுவருக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

5 ஜூலை, ஞாயிறு

நாளை எனக்கு இரண்டாவது மாத்திரை. நாளையே போய்ச் சொல்லிவிட வேண்டும். "உங்கள் பிள்ளைக்கு" என்று தொடங்கக் கூடாது. "எனக்கு" என்று தொடங்க வேண்டும். என்னிடமிருந்து ஒட்டியது என்றே அவர்கள் நினைக்கட்டும். உண்மையாகவும் இருக்கலாம்.

கதவைச் சாத்துவாள் என்றுதான் நினைக்கிறேன்.

6 ஜூலை, திங்கள்

சாத்தவில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். எனக்குக் கீரிப்பூச்சி, அப்சானாவுக்கும் ஒட்டியிருக்கலாம், நீங்கள் எல்லாரும் இன்றே மாத்திரை போட வேண்டும் — வகுப்பில் சொல்வதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அளவு நாடாவைக் கழற்றிக் கையில் சுற்றினாள். "தலைவலின்னுல்ல சொன்னாக!"

"யார்?"

"அவ அத்தாதான். டீச்சருக்குத் தலைவலி, ஆளே வாடிப்போய்ட்டாக, புள்ளைய அனுப்பாதன்னு. இவளுக்கு வாய் ஓயுமா? அதான் கால ஒடிப்பேன்னு கட்டிப்போட்டு வச்சிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ராத்திரி முச்சூடும் சொறியிறா டீச்சர். பல்ல நறநறன்னு கடிக்கிறா. நான் ஒங்க கடலமிட்டாயையில்ல வஞ்சுக்கிட்டு கெடந்தேன்!"

இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆரம்பித்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"அது சரி, இதுக்குப்போயி காளவாசலுக்கா பஸ் ஏறுனீக?" என்றாள்.

சாயங்காலம் இஸ்மாயில் அதே டாக்டரம்மாவிடம் கேட்டு வீட்டுக்கெல்லாம் மாத்திரை வாங்கி வந்தார். நானும் என்னுடையதைப் போட்டுக்கொண்டேன்.

இப்போது அப்சானா வந்தாள். பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். ஒட்ட வெட்டிச் சிவந்திருந்தது. "ஒங்களுக்கும் பாத்துட்டு வரச் சொல்லுச்சு அம்மா. கையக் குடுங்க."

கொடுத்தேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடது கட்டைவிரல் சரியில்லையாம். நகவெட்டி எடுத்து வரப் போயிருக்கிறாள்.

கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன்.