வட்டியில்லாப் பணம்

சாத்தூர்,
பங்குனி 11.

அன்புள்ள அத்தானுக்கு,

கற்பகவல்லி எழுதுவது. இங்கே நானும் யோகலட்சுமியும் நலம். பாட்னாவில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே, "பக்கத்துல சேட் இருக்காரு, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்தப் 'பெறகு' இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதி, நாளைக்குக் கல்யாண சீசன் லோடு ஏற்றிக்கொண்டு அங்கே வரும் டிரைவர் முனியசாமி அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். சேட் கடையில் வைத்துப் பிரிக்காதீர்கள். லாட்ஜுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. யோகலட்சுமி கணக்குப் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். வேதியியலைப் பற்றிக் கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறாள். பட்டாசுக் கம்பெனிக்காரர் மகளுக்கு வேதியியல் வரவில்லை என்றால் ஊர் சிரிக்காதா என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. போர் மோட்டார் மறுபடியும் புகைந்து, ஆளை வரச்சொல்லி மாற்றினோம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. உச்சிப்பொழுதில் வெடிமருந்து வேலை வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை சேட்டின் சிவகாசி ஏஜெண்டு வந்து முப்பது லட்சத்துக்குச் செக்கும், கூடவே ஆர்டர் தாளும் கொடுத்துவிட்டுப் போனார். "ஒரு பைசா வட்டி கெடையாது தாயி, ராசியான பணம்" என்றார். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். வட்டியில்லாப் பணத்தில் தொழில் பண்ணுகிறோம் என்று நம் பக்கத்து முதலாளிகள் எல்லோருக்கும் ஒரு பெருமை. நானும் இத்தனை வருஷம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். இந்தத் தடவை அந்தத் தாளை உட்கார்ந்து படித்தேன்.

போன தீபாவளிச் சரக்குக்குச் சேட் நமக்குத் தர வேண்டியது இருபத்தெட்டு லட்சம். அதை வசூல் பண்ணத்தான் நீங்கள் அங்கே போனீர்கள். அவர் பாக்கியைக் கொடுக்காமல் அட்வான்ஸ் கொடுக்கிறார். பாக்கி அடுத்த தீபாவளிக் கணக்கில் சேருமாம். நம் பணத்தையே எடுத்து நமக்கு முன்பணமாகக் கொடுப்பவர் வட்டி வேறு கேட்டால்தான் அதிசயம். அதற்குப் பதிலாக நாம் போன வருஷ விலைக்கே, போன வருஷத்தைப்போல ஒன்றரை மடங்கு சரக்கை ஆடி முடிவதற்குள் ஏற்றிவிட வேண்டும். காகிதம், அலுமினியப் பவுடர், கூலி எதுவும் போன வருஷ விலையில் இல்லை. பெட்டி குறைந்தால் நம் பாக்கியில் பிடித்துக்கொள்வாராம். படித்தபோது எனக்கு முதலில் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. அவர் வீட்டு ஜிலேபியைத் தின்றுகொண்டு இதற்குத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்களே என்று இருந்தது.

பணம் இல்லாமல் கம்பெனி ஓடாது என்பது எனக்கும் தெரியும் அத்தான். சனிக்கிழமை வந்தால் கூலி கொடுத்தாக வேண்டும். சரக்கு விற்றுக் காசு கைக்கு வரத் தீபாவளி தாண்ட வேண்டும். நடுவில் கிடக்கிற மாதங்களை யாராவது ஒருவர் பணத்தில்தான் ஓட்ட வேண்டும். யார் பணத்தில் என்பதுதான் என் கேள்வி. சாத்தூர் பைனான்ஸ்காரர் பக்கமே போகக் கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நல்லது. உங்கள் சித்தப்பா மகன் பாண்டிராஜ் போன வாரம் வந்து, கம்பெனியில் நாலு ரூமை உள்குத்தகைக்கு விட்டால் ரொக்கமாகத் தருவதாகச் சொன்னார். "லைசென்ஸ் ஒங்க பேர்ல இருந்தாப் போதும் மதினி, மத்தத நான் பாத்துக்கிடுறேன்" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் கூட்டி வரும் ஆட்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், அழுதுகொண்டு வருகிற பெண்கள் நம் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போய்வந்தேன். உங்களைக் கேட்காமல்தான் போனேன். திட்ட வேண்டுமென்றால் நேரில் வந்து திட்டுங்கள். அச்சங்குளத்தில் என் பேரில் இருக்கும் கரிசல் நிலத்தை அடமானம் எழுதிக் கொடுத்தால், கம்பெனிக்கான கடன் வரம்பை உயர்த்தித் தரலாம் என்கிறார் மேனேஜர். கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. மாதாமாதம் சரக்கு இருப்புக் காட்ட வேண்டும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார்கள். வட்டியும் உண்டு. அதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார்கள். ஆடிக்குள் எத்தனை பெட்டி என்று மட்டும் அவர் கேட்கவில்லை. ஒரு ரூமில் எத்தனை பேர் என்று கேட்டார். நாலு பேர்தான் சார், எங்க வீட்டுக்காரர் அதில் ரொம்பக் கண்டிப்பு என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பொண்டாட்டி நிலத்தை அடகு வைத்துத் தொழில் பண்ணினான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம் என்பீர்கள். அந்த வீம்பு எனக்குத் தெரியாததா? அண்ணனிடம் பேசிவிட்டேன். உக்கிரபாண்டி அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "நெலம் ஒன்னுது தாயி. மாப்பிள வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே பத்திரத்தத் தந்திருப்பேன்" என்று பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். இப்போது பத்திரம் என்னிடம் இருக்கிறது.

இதுவரை எழுதியதைப் போனிலேயே சண்டை போட்டுச் சொல்லியிருப்பேன். நேற்று நடந்ததைத்தான் சொல்ல வாய் வரவில்லை.

நேற்று ஏழாம் ரூமில் மருந்துத் தட்டு ஒன்று கைதவறி விழுந்தது. பற்றவில்லை. நம் ரூம்களுக்கு நாலு வாசல், ஆளுக்கு ஒரு வாசல் என்று நின்று கட்டியது நீங்கள். தட்டு விழுந்த சத்தத்தில் நாலு பேரும் அவரவர் வாசல் வழியாக வெளியே பாய்ந்துவிட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், மாரிச்செல்வி மட்டும் ரூமுக்கு நடுவில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஐந்தாவது ஆள். போர்மேன் தங்கப்பாண்டியனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மொதலாளிதான் போன்ல சொன்னாக. ரூமுக்கு ஒரு ஆளக் கூடப் போடலைன்னா ஆடிக்குள்ள முடியாதுன்னாக" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஏன்டி நீ ஓடவில்லை என்று மாரிச்செல்வியைக் கேட்டேன். "எந்த வாசல்னு தெரியலக்கா. எல்லாத்துலயும் ஆளு நின்னாக" என்று சிரிக்கிறாள். அவளுக்குக் கைப்பிள்ளை இருக்கிறது.

சேட்டிடம் பாக்கியைக் கேளுங்கள். முழுதாக வராவிட்டால் பாதியையாவது வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வங்கிக் கடனுக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். நிலத்துக்கு நான் போட்டுவிடுவேன். அந்தப் பணத்துக்கு எவ்வளவு சரக்கு ஓடுமோ அவ்வளவு ஓட்டுவோம். பயம் எனக்கும் இருக்கிறது. தொழில் படுத்துவிட்டால் நிலம் போய்விடும். போனால் அழுவேன், வாய்க்கு வந்தபடி உங்களைத் திட்டுவேன். அது ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடும்.

செக்கை இன்னும் நான் வங்கியில் போடவில்லை. நீங்கள் வருகிறவரை ரூமுக்கு நாலு பேர்தான் என்று தங்கப்பாண்டியனிடமும் சொல்லிவிட்டேன். மாரிச்செல்வியைப் பெட்டி ஒட்டும் வேலைக்கு மாற்றியிருக்கிறேன். கம்பெனி உங்களுடையது, செக்கைப் போடத்தான் வேண்டும் என்று சொன்னால் போட்டுவிடுகிறேன், மறுவார்த்தை பேச மாட்டேன். போட்டால் எல்லா ரூமிலும் நடுவில் ஒரு பாய் விரிக்க வேண்டியிருக்கும். ஏழாம் ரூமில் விரிக்கும் பாயில் நான் உட்காருகிறேன். யோகலட்சுமிக்கு இது தெரியாது. பரீட்சை முடிகிறவரை நீங்களும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

ரயிலில் கண்டதையும் வாங்கித் தின்னாமல், பத்திரமாக, சித்திரை பிறப்பதற்குள் வந்து சேருங்கள் அத்தான்.

உங்கள்
கற்பகவல்லி